பிங்கை அடைத்தும் பதில் வருகிறதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட ஆபீசிலோ தமிழ்ப்பள்ளிக் கணினிக்கூடத்திலோ லினக்ஸ் ஃபயர்வாலைப் பார்த்துக்கொள்பவர்கள் அடிக்கடி கேட்பது: "பிங்கை அடைக்க ரூல் போட்டாச்சு. உள்ளே இருக்கிற கணினிகளுக்கு இன்னும் பதில் வருதே?"

பிங் என்பது ஒரு கணினி இருக்கிறதா என்று கேட்டுப் பதில் பெறும் சோதனை. ரூலைத் திருத்துமுன் அந்த பிங் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். கிராணி (எழுத்தர்) மேசையிலிருந்து ஃபயர்வாலின் முகவரிக்கே போனால் அது இன்புட் செயின் (செயின் என்பது ரூல்களின் வரிசை). ஃபயர்வாலைத் தாண்டி இணையத்துக்குப் போனால் ஃபார்வர்டு செயின். ஒன்றில் போட்ட ரூல் மற்றதைத் தொடாது. கிராணி கணினியும் எடைமேடைக் கணினியும் ஒரே வலையமைப்பில், ஒரே சுவிட்சில் இருந்தால், அவற்றுக்கு இடையிலான பிங் ஃபயர்வால் பக்கமே வராது. அதை எடைமேடைக் கணினியின் விண்டோஸ் ஃபயர்வாலில்தான் அடைக்க முடியும்.

அடுத்தது வரிசை. லினக்ஸில் இந்த ரூல்களை நடத்தும் ஐபிடேபிள்ஸ் அவற்றை மேலிருந்து கீழே படிக்கும். ஏற்பதோ தடுப்பதோ, முதலில் பொருந்தும் ரூலே முடிவு. 'உள்ளிருந்து வருவதெல்லாம் அனுமதி' என்ற வரிக்குக் கீழே தடையை எழுதினால் பயனில்லை. ரூல் எழுதும் கட்டளையில் மைனஸ் ஏ (-A) கடைசியில் சேர்க்கும், மைனஸ் ஐ (-I) தலையில் வைக்கும். ரூல் பட்டியலை மைனஸ் வி (-v) சேர்த்துப் பாருங்கள். பாக்கெட் எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றால் மேலே வேறொரு ரூல் பிடித்துக்கொள்கிறது, அல்லது பிங் அந்த செயினுக்கே வரவில்லை. சோதிக்கும்போது ஓடும் பிங்கை நிறுத்தி, 30 வினாடி தாண்டித் தொடங்குங்கள். இல்லாவிட்டால் ஏற்கெனவே உள்ள தொடர்புகளை அனுமதிக்கும் 'எஸ்டாப்ளிஷ்ட்' ரூல் பழைய தொடர்பை விட்டுக்கொண்டே இருக்கும். டிராப்புக்கு (சத்தமின்றித் தள்ளிவிடுவது) பதில் ரிஜெக்ட் (மறுப்பு அனுப்புவது) போட்டிருந்தால் இன்னொரு குழப்பம்: 'அன்ரீச்சபிள்' என்ற மறுப்பையும் விண்டோஸ் வந்த பதிலாக எண்ணி, 4 அனுப்பி 4 கிடைத்ததாகக் காட்டும்.

வேலை ஆகவில்லையே என்று பிங்கும் பிழைத் தகவல்களும் செல்லும் ஐசிஎம்பி முழுவதையும் அடைத்துவிடுவதுதான் பெரிய கேடு. அடைக்க வேண்டியது பிங்கின் கேள்வியான எக்கோ ரிக்வெஸ்ட், டைப் 8 மட்டும். டைப் 3, கோடு 4 'பாக்கெட் பெரிது, சிறிதாக்கு' என்று சொல்லும் தகவல். பிபிபிஓஇ இணைப்பில் (பயனர் பெயர், கடவுச்சொல் கொண்டு இணையும் பிராட்பேண்ட்) எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 1500 பைட் அல்ல, 1492. அந்தத் தகவல் வராவிட்டால் சில தளங்கள் பாதியில் நிற்கும், பெரிய கோப்புகள் ஏறாது. பழி லைன் மேல் விழும். புதிய முகவரி முறையான ஐபிவி6-க்குத் தனி ரூல் வேண்டும்: அங்கே பிங் டைப் 128. பாக்கெட் அளவு சொல்லும் டைப் 2, பக்கத்துக் கணினிகளைக் கண்டறியும் 135, 136 ஆகியவற்றைத் தொடாதீர்கள்.

பழுது பார்க்கும் ஒரு கணினிக்கு மட்டும் தடைக்கு மேலே அனுமதி வையுங்கள். லினக்ஸ் வகை டெபியன், உபுண்டு என்றால் நெட்ஃபில்டர் பெர்சிஸ்டன்ட் என்ற நிரல் கொண்டு ரூல்களைச் சேமித்துவிடுங்கள். சாயங்கால இடிமழையில் கரண்ட் போய் வந்தால், சேமிக்காத ரூல் ஒன்றும் மிஞ்சாது.