எம்பதி: இரக்கமா, அனுதாபமா, ஒத்துணர்வா?

அமெரிக்க அரசியல் சண்டைகளில் அடிக்கடி அடிபடும் சொல் 'எம்பதி' (empathy); இன்னொருவர் நிலையை உள்ளிருந்து உணர்தல் என்று பொருள். தமிழில் இதை 'இரக்கம்' என்றோ 'அனுதாபம்' என்றோ எழுதிவிடுகிறார்கள். பொருள் கெடுவது அங்கேதான்.

சொல் பிறந்தது கலை ரசனையில். ஓவியத்துக்குள்ளும் சிற்பத்துக்குள்ளும் பார்ப்பவர் தம் உணர்வைச் செலுத்துவதை, ஜெர்மானியரான ராபர்ட் விஷர் 1873இல் 'ஐன்ஃப்யூலுங்' என்றார். உள்ளே புகுந்து உணர்தல் என்று பொருள். ஜெர்மன் தத்துவ அறிஞர் தியோடர் லிப்ஸ் அதை மனிதரை மனிதர் புரிந்துகொள்வதற்கும் விரித்தார். உளவியலாளர் எட்வர்ட் டிட்செனர் 1909இல் கிரேக்க வேரைக் கொண்டு அதற்கு 'எம்பதி' என்ற ஆங்கில வடிவம் தந்தார். இன்றைய கிரேக்கத்திலோ 'எம்பாதியா' என்றால் வன்மம்!

2009இல் உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு எம்பதி வேண்டும் என்றார் அதிபர் ஒபாமா. ஒரு தரப்பிடம் எம்பதி காட்டுவது மறுதரப்புக்குப் பாரபட்சம் என எதிர்த்தார் செனட்டர் ஜெஃப் செஷன்ஸ். 'அனுதாபம்' என்று கொண்டால் அவர் வாதம் நிற்கும். ஆனால் எம்பதி யார் பக்கமும் சாய்வதல்ல; வழக்காடும் இருவர் நிலையையும் உள்ளிருந்து அறிய முடியும். அறிந்த பிறகும் ஒருவருக்கு எதிராகத் தீர்ப்பளிக்கலாம்.

அதே செஷன்ஸ், 2018 ஏப்ரலில் அட்டர்னி ஜெனரலாக (அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாக), அனுமதியின்றி எல்லை தாண்டுவோர் எவரையும் விடாமல் வழக்குத் தொடுக்கும் கொள்கையை அறிவித்தார். வழக்குக்காகக் காவலில் வைக்கப்பட்ட பெற்றோரிடமிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிரிக்கப்பட்டனர். எல்லையைக் காப்பதே நாட்டுப்பற்று என்றனர் ஆதரவாளர்கள். குடியரசுக் கட்சி அதிபரின் மனைவியாக இருந்த லாரா புஷ்ஷே அதைக் கொடுமை என்று எழுதினார். ஜூன் 20 அன்று பிரிப்பதை நிறுத்த டிரம்ப் ஆணையிட்டார். எல்லையைக் காக்க வேண்டும் என்பவரும் அந்தக் குழந்தையின் நிலையை உணரலாம் என்பதற்கு லாரா புஷ்ஷின் எழுத்தே சான்று. நாட்டுப்பற்றையும் எம்பதியையும் எதிரெதிரே நிறுத்துவது தவறு.

தமிழில் இந்தக் கருத்து புதிதல்ல. 'பிறிதின்நோய் தந்நோய்போல் போற்றாக் கடை' அறிவால் ஆகும் பயன் என்ன என்று கேட்கிறது 315ஆம் குறள். அது வருவது 'இன்னா செய்யாமை' அதிகாரத்தில்; அதாவது, கொடுமை செய்யாதிருக்கச் சொல்லும் இடத்தில். 'போற்றுதல்' அங்கே காத்தல். உணர்வதோடு நின்றுவிடாமல் காக்கவும் சொல்வதால் குறள் எம்பதியையும் தாண்டிப் போகிறது.

எம்பதிக்குச் சரியான சொல் ஒத்துணர்வு. 'ஒத்து' என்பதை ஒத்துப்போவதாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. இங்கே அது 'அவரைப் போலவே' என்ற பொருளில் வருகிறது. இரக்கமும் அனுதாபமும் ஒருவர் 'மேல்' காட்டப்படுபவை. ஒத்துணர்வுக்கு 'மேல்' பொருந்தாது. 'எதிர்க்கட்சியினர் மேல் ஒத்துணர்வு காட்டினார்' என்பதைவிட 'எதிர்க்கட்சியினரின் அச்சத்தை ஒத்துணர்ந்தார்' என்று எழுதுங்கள்.