பாரபட்சம்: செய்தித் தொலைக்காட்சி நேர்காணலில் கோணுவது எது?

கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இரவு எட்டு மணிக்கு மேல் மலையாள விவாதமும் தமிழ் விவாதமும் மாறி மாறி ஓடும். மலையாளத்தில் மூச்சுக்கு மூச்சு ‘இடதுபக்ஷம்’, ‘பிரதிபக்ஷம்’, ‘பரணபக்ஷம்’ என்பார்கள். இடதுசாரி அணி, எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி, அவ்வளவுதான் பொருள். குறை சொல்லும் தொனி அதில் துளியும் கிடையாது. ரிமோட்டை அழுத்தித் தமிழுக்கு வந்தால் அதே சொல் ‘பாரபட்சம்’ ஆகிக் குற்றச்சாட்டாக நிற்கிறது.

‘பக்ஷ’ வடசொல். இறக்கை என்பது அதன் பொருள். அதிலிருந்து பக்கம், அணி என விரிந்தது. இறக்கை உள்ளது பட்சி. ‘குறைந்தபட்சம்’, ‘வராத பட்சத்தில்’ என்று நாம் அன்றாடம் சொல்வதும் இதுவே. ஒரு பக்கமாய் விழுவது பக்ஷபாதம். மலையாளமும் தெலுங்கும் இந்த வடிவத்தையே வைத்திருக்க, தமிழ்ப் பேச்சில் நிலைத்தது பாரபட்சம்.

தமிழில் இதற்குப் பழைய சொல் ஓரம். மன்றத்தில் ஒருபக்கமாய்ச் சாய்ந்து பேசியவர் வீட்டில் வேதாளம் சேரும், வெள்ளெருக்குப் பூக்கும் என்று ஔவையாரின் நல்வழி சபிக்கிறது: ‘மன்றோரம் சொன்னார் மனை.’ ஓரவஞ்சனையும் இந்த ஓரத்தில் பிறந்ததுதான். ஆனால் இன்று அதை வீட்டுக்குள், பிள்ளைகளிடம் வேற்றுமை காட்டுவதற்கே அதிகம் சொல்கிறோம்.

தொலைக்காட்சி நேர்காணலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கோட்டம். கோடுதல் என்றால் வளைதல். தராசைச் சொல்லி ‘ஒருபால் கோடாமை’ என்ற வள்ளுவர், அடுத்த குறளில் அதை இரண்டாகப் பிரிக்கிறார்:

சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா
உட்கோட்டம் இன்மை பெறின்.

சொல்லில் உள்ள வளைவு வேறு, உள்ளத்தில் உள்ள வளைவு வேறு. நெறியாளர் குரலை உயர்த்தினால், குறுக்கே புகுந்தால் உடனே ‘பாரபட்சம்’ என்கிறோம். அது பெரும்பாலும் நாகரிகக் குறைவு மட்டுமே. இரு அணியிடமும் ஒரே கடுமையோடு குறுக்கிடுபவரிடம் கோட்டம் இல்லை. உட்கோட்டத்துக்குக் குரல் தேவைப்படாது. ஒரு சாலைத் திட்டம் பற்றிய பேட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அமைச்சரிடம், “சார், இந்தத் திட்டத்தால் மக்களுக்கு என்ன நன்மை?” எதிர்க்கட்சிக்காரரிடம், “சார், வளர்ச்சியை ஏன் தடுக்கிறீர்கள்?” இரண்டிலும் சார் இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது. இரண்டாவது கேள்வியில் தீர்ப்பை முன்பே எழுதிவிட்டார்கள். முதல் ஆள் மழுப்பினால் “நன்றி” என்று விட்டுவிடுவதும், இரண்டாம் ஆள் மழுப்பினால் விடாமல் துருவுவதும் இன்னும் பெரிய கோட்டம். நேர்காணலில் நான் முதலில் கவனிப்பது இந்தத் துணைக்கேள்வியைத்தான்.

பக்கம் இருப்பதையே குற்றமாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மலையாளச் சேனல்களில் 2000-இல் வந்த கைரளி மார்க்சிஸ்ட் கட்சியைச் சார்ந்தது, 2007-இல் வந்த ஜெய்ஹிந்த் காங்கிரஸைச் சார்ந்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். தமிழில் ஜெயாவும் கலைஞரும் அப்படியே. தெரிந்துதான் பார்க்கிறோம். அமெரிக்காவில், சர்ச்சைக்குரிய பொதுப் பிரச்சினைகளில் மாற்றுக் கருத்துக்கும் இடம் தரச் சொன்ன நியாய விதி 1949-இல் வந்து 1987-இல் கைவிடப்பட்டது. அலைவரிசை உரிமம் பெற்ற வானொலி, தொலைக்காட்சி நிலையங்களுக்கான விதி அது. கேபிள் செய்திச் சேனல்கள் அதன் பிடிக்குள் வரவில்லை. 1996-இல் தொடங்கிய ஃபாக்ஸ் நியூஸ் வெளிப்படையாக வலதுசாரிப் பார்வையாளர்களை ஈர்த்தது. ஆனாலும் ‘நியாயமும் சமநிலையும்’ என்ற முழக்கத்தை 2017 வரை வைத்திருந்தது. எனக்கு உறுத்துவது இந்த முழக்கம்தான். சாய்வை ஒப்புக்கொண்டால் அது சார்பு. நடுவுநிலை என்று பலகை மாட்டிக்கொண்டு சாய்ந்தால் பார்ப்பவரை ஏமாற்றுவதாகிறது.

ஆகவே எழுதும்போது பிரித்தே எழுதலாம். தன் அணியை மறைக்காத சேனலுக்குக் கட்சிச் சார்பு; கத்தலுக்கும் இழிசொல்லுக்கும் நாகரிகக் குறைவு; நடுவர் நாற்காலியில் அமர்ந்து கேள்வியை வளைப்பதற்குக் கோட்டம். பாரபட்சம் பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும், அது எல்லோருக்கும் புரிகிற சொல்.