ராணுவச் சட்ட அதிகாரியாக விரும்பும் சட்ட மாணவர்களுக்கு

உரிமையியல் நீதிபதி தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் என்னிடம் ராணுவத்தைப் பற்றி விசாரிப்பது கூடியிருக்கிறது. "படிப்பு முடிஞ்சதும் நேரா ஜாக் போயிடலாமா சார்?" என்று கேட்கிறார்கள். ஜாக் என்பது ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல் துறை, அதாவது ராணுவத்தின் சட்டப் பிரிவு. அதில் குறுகிய காலப் பணி அதிகாரியாக இருந்து வெளியே வந்தவன் நான். இப்போது படையினரின் வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் வழக்கு நடத்துகிறேன்.

போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் கேட்பவர்களில் பலர் மனதில் வைத்திருக்கும் வேலை ஒன்று, அங்கே காத்திருக்கும் வேலை வேறு. சீருடையில் நின்று குறுக்கு விசாரணை செய்வோம் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான நாட்கள் கோப்பு படிப்பதிலும், சட்ட ஆலோசனை எழுதுவதிலும், ராணுவத்துக்கு எதிரான ரிட் மனுக்களுக்குப் பதில் தயாரிப்பதிலும்தான் போகும். அந்த ஆலோசனையை எழுதிக் கொடுப்பது உங்களைவிடப் பதவியில் பெரியவர்களுக்கு. இந்த வேலையின் கஷ்டமும் பெருமையும் அதில்தான் இருக்கின்றன.

பொது ராணுவ நீதிமன்றத்தில் குறைந்தது ஐந்து அதிகாரிகள் உட்காருவார்கள். அவர்கள் சட்டம் படித்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. அதனால்தான் ஒரு ஜட்ஜ் அட்வகேட் இல்லாமல் அந்த நீதிமன்றம் கூட முடியாது என்று 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டம் சொல்கிறது. அரசுத் தரப்பு, எதிர்த்தரப்பு இரண்டுக்கும் அவர் பொதுவானவர். சட்டம் என்ன சொல்கிறது என்று விளக்குவார், முடிவில் சாட்சியங்களைத் தொகுத்துச் சொல்வார். தீர்ப்பை முடிவு செய்யக் கதவைச் சாத்தும்போதும் உள்ளே இருப்பார். ஆனால் அவருக்கு ஓட்டு கிடையாது. உறுப்பினர்களில் பதவியில் இளையவர்தான் முதலில் கருத்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. பெரியவர் வாயைப் பார்த்து இளையவர் பேசிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அதிகாரப் படிநிலையில் ஊறிய ஓர் அமைப்பு தனக்குத்தானே வைத்துக்கொண்ட கடிவாளம் என்று இதை நான் மதிக்கிறேன்.

ஆனால் சாதாரண ஜவானின் வாழ்க்கையைத் தொடுவது பெரும்பாலும் இன்னொரு நீதிமன்றம்: சம்மரி கோர்ட் மார்ஷல், அதாவது சுருக்க விசாரணை ராணுவ நீதிமன்றம். அங்கே யூனிட்டின் தலைவரான கமாண்டிங் ஆபீசர் ஒருவரே நீதிமன்றம். ஜவானுக்கு ஒரு நண்பர் துணைக்கு இருக்கலாம், அவருக்காக வழக்கறிஞர் எழுந்து வாதாட முடியாது. லெப்டினன்ட் கர்னலோ அதற்கு மேற்பட்டவரோ நடத்தினால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை தரலாம், பணியிலிருந்து டிஸ்மிஸ் செய்யலாம். டிஸ்மிஸ் ஆனால் வேலையோடு ஓய்வூதியமும் போய்விடும். பதினைந்து வருடம் பனியில் நின்ற ஒருவர் வெறுங்கையோடு ஊர் திரும்புவார்.

அந்த நடவடிக்கைக் கோப்பு பிறகு மேல்நிலைத் தலைமையகத்துக்குச் சரிபார்ப்புக்குப் போகும். அதைப் படிப்பவர் ஜாக் அதிகாரி. குற்றச்சாட்டைத் தெரிவித்த நேரத்துக்கும் விசாரணை தொடங்கிய நேரத்துக்கும் இடையே 96 மணி நேரம் விட்டார்களா? போர்ப்பணியில் இருந்தால் 24 மணி நேரம் போதும், இங்கே அப்படி ஏதாவது இருந்ததா? 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்' என்று எழுதியிருக்கிறதே, அதன் கீழே ஜவான் கையெழுத்துப் போட்டாரா? ஒப்புக்கொண்டால் என்ன விளைவு என்று அவருக்குப் புரியும்படி சொன்னார்களா? கையெழுத்து இல்லாத ஒப்புதலை வைத்துக் கொடுத்த தண்டனைகளை உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்திருக்கின்றன. முன்னதாக, என்ன நடந்தது என்று கண்டறிய நடந்த உள்விசாரணையில் (கோர்ட் ஆஃப் என்கொயரி) அவருடைய நற்பெயர் பாதிக்கப்படும் நிலை வந்தபோது, 1954-ஆம் ஆண்டு ராணுவ விதிகளின் 180-ஆம் விதிப்படி அவரை முழுக்க உட்கார வைத்துச் சாட்சிகளைக் கேள்வி கேட்க விட்டார்களா?

இதில் ஒன்று தவறியிருந்தால், இளம் கேப்டனான நீங்கள் "இந்தத் தண்டனை நிற்காது" என்று எழுத வேண்டும். நடத்தியவர் ஒரு கர்னல். அவர் போனில் கூப்பிடுவார். அந்த ஆள் தப்பு செய்தது யூனிட்டுக்கே தெரியும், ஒரு தேதிக்காக விட்டுவிடச் சொல்கிறாயா என்று கேட்பார். அவர் கோபத்திலும் நியாயம் இருக்கும். யூனிட்டின் கட்டுப்பாடு அவர் தலையில் இருக்கும் பாரம். குரலை உயர்த்தாமல், "சார், விதி இது" என்று சொல்லி, எழுதியதை மாற்றாமல் வைக்கத் தெரிய வேண்டும். இது முடியும் என்று தோன்றுபவர்கள் கட்டாயம் வாருங்கள். நல்ல ஜாக் அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருக்கும் தலைமையகத்தில் எத்தனையோ குடும்பங்களின் சோறு காப்பாற்றப்படுகிறது.

ராணுவ நீதிமன்றத் தண்டனையை எதிர்த்து முறையான மேல்முறையீடு இல்லையே என்று 1982-இல் பிரித்திபால் சிங் பேடி வழக்கில் உச்ச நீதிமன்றம் கவலைப்பட்டது. 2007-இல் சட்டம் வந்து, 2009-இல்தான் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் செயல்படத் தொடங்கியது. இப்போது அவசரமாக எழுதிய கோப்பு எதுவானாலும் ஒருநாள் நீதிபதி முன் விரித்து வைக்கப்படும்.

சரி, சேருவது எப்படி? வயது 21 முதல் 27, திருமணம் ஆகியிருக்கக் கூடாது. சட்டப் படிப்பில் மொத்தமாக 55 சதவீத மதிப்பெண் வேண்டும். மூன்றாண்டுப் படிப்போ ஐந்தாண்டுப் படிப்போ, இரண்டும் சரிதான். பார் கவுன்சிலில் பதிவு செய்யத் தகுதி இருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது கிளாட் முதுநிலைத் தேர்வில், அதாவது எல்எல்எம் சேர எழுதும் தேசிய நுழைவுத் தேர்வில். அறிவிக்கை குறிப்பிடும் ஆண்டின் கிளாட் மதிப்பெண் இல்லாவிட்டால், எல்எல்எம் முடித்திருந்தாலும் விண்ணப்பிக்க முடியாது. தேர்வு சமீப ஆண்டுகளில் டிசம்பரில் நடக்கிறது. விட்டால் ஒரு வருடம் போச்சு.

அப்புறம் ஐந்து நாள் எஸ்எஸ்பி, அதாவது ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்தின் நேர்முகத் தேர்வு. நம் பிள்ளைகள் இங்கே தடுக்கி விழுவதற்குக் காரணம் சட்ட அறிவு குறைவு என்று நான் நினைக்கவில்லை. மூட் கோர்ட் என்ற மாதிரி நீதிமன்றப் போட்டிகளில் பழகிய வாய் குழு விவாதத்திலும் எதிராளியை மடக்கப் பார்க்கிறது. அங்கே கவனிப்பது வேறு: அடுத்தவர் சொல்வதைக் கேட்கிறீர்களா, குழுவைக் கூட்டிக்கொண்டு போகிறீர்களா? தேறி, மருத்துவப் பரிசோதனையும் முடிந்தால் பயிற்சி நம் பரங்கிமலையிலேயே, அதிகாரிகள் பயிற்சி அகாடமியில், 49 வாரங்கள். சட்டப் பிரிவுக்குப் போகிறவர் என்று ஓட்டத்திலோ துப்பாக்கிப் பயிற்சியிலோ சலுகை கிடையாது. இராணுவச் சட்டத்தைப் பிறகு நாக்பூர் அருகே காம்ப்டியில் உள்ள ராணுவச் சட்டக் கழகத்தில் படிப்பீர்கள்.

பெண்களுக்கு ஒரு நல்ல செய்தி. நிரந்தரப் பணி 2008-இல் பெண்களுக்குத் திறந்த முதல் சில பிரிவுகளில் ஜாக் ஒன்று. ஆனாலும் சேர்க்கையில் ஆணுக்கு ஆறு இடம், பெண்ணுக்கு மூன்று என்றெல்லாம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்களைவிட அதிக மதிப்பெண் எடுத்த பெண் வெளியே நின்றார். 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்று சொல்லி, இருபாலருக்கும் ஒரே தகுதிப் பட்டியல் வெளியிட உத்தரவிட்டது. மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர் இந்தத் தீர்ப்பை ஒருமுறை படிக்க வேண்டும்.

பணத்தைப் பற்றியும் பேசிவிடுவோம். பயிற்சிக் காலத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. லெப்டினன்ட் ஆனதும் அதே அடிப்படைச் சம்பளம், கூடவே ராணுவப் பணி ஊதியம் 15,500, மற்ற படிகள் தனி. ஆனால் இது குறுகிய காலப் பணி: பத்து ஆண்டு, விரும்பினால் மேலும் நான்கு. நிரந்தரப் பணி கிடைக்காமல் பதினான்கு ஆண்டில் வெளியே வந்தால் வழக்கமான ஓய்வூதியம் இல்லை. நாற்பதை ஒட்டிய வயதில் கீழமை நீதிமன்ற வராண்டாவில் புதிதாக நிற்க வேண்டியிருக்கும். இதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒருநாள் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்கு வந்து பின்வரிசையில் உட்காருங்கள், திறந்த நீதிமன்றம்தான். ராணுவச் சட்டத்தையும் விதிகளையும் அதற்குள் ஒருமுறையாவது படித்துவிடுங்கள். ஏற்கெனவே வழக்கறிஞராகப் பதிவு செய்திருந்தால், பணியில் சேர்ந்தவுடன் மாநில பார் கவுன்சிலுக்கு எழுதித் தொழிலை நிறுத்திவையுங்கள். முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொடர முடியாது. அந்தக் கடிதத்தின் நகலைப் பத்திரமாக வையுங்கள், திரும்பி வந்து கறுப்பு அங்கி போடும்போது கேட்பார்கள்.