நீருக்குச் செறிவு ஏது? அடர்த்தி என்று எழுதுங்கள்

"பனிக்கட்டியின் செறிவு நீரின் செறிவைவிடக் குறைவு, அதனால் மிதக்கிறது." மொழிபெயர்த்த அறிவியல் கட்டுரைகளில் இந்த வரி ஓயாமல் வருகிறது. அங்கே நிற்கவேண்டிய சொல் அடர்த்தி.

அடர்தல் என்றால் நெருங்குதல். அடர்ந்த காடு, அடர்த்தியான முடி என்கிறோமே, அதே சொல்தான். இயற்பியலில் நிறையைப் பருமனால் வகுத்தால் வருவது அடர்த்தி. தமிழ்நாட்டுப் பாடநூலின் 'நிறை' இலங்கையில் 'திணிவு'. அங்கே நிறை என்றால் எடை. அடர்த்தி மட்டும் இரு நாட்டுக்கும் பொது. அதைப் போய்க் குலைக்கலாமா?

செறிந்தது என்றாலும் நெருங்கியதுதானே என்று வாதாடுகிறார்கள். பேச்சு வழக்கில் சரி. ஆனால் வேதியியலில் செறிவுக்கு வேலை கொடுத்தாகிவிட்டது: கரைசலில் கரைபொருள் எவ்வளவு என்பதே செறிவு. ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு, இது செறிவு. அதே கடல்நீர் ஒரு லிட்டர் சுமார் 1,025 கிராம், இது அடர்த்தி. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் "செறிவு கூடினால் செறிவு கூடும்" என்றுதான் எழுத வேண்டிவரும். தூய நீரில் கரைந்தது எதுவுமே இல்லை. அதற்குச் செறிவு எங்கிருந்து வரும்?

நீரின் கணக்கைப் பாருங்கள். 0 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் பனிக்கட்டி 917 கிராம். அதே வெப்பநிலையில் நீர் 999.8 கிராம். சூடேற்றினால் முதலில் அடர்த்தி கூடி, 4 டிகிரியில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கி, 100 டிகிரியில் 958 ஆகிறது. கொதித்து ஆவியானால் லிட்டருக்கு வெறும் 0.6 கிராம். உறையும்போது ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு பக்கத்து மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கட்டுண்டு, நடுவே இடைவெளி விழுகிறது. அதனால் பருமன் சுமார் 9 விழுக்காடு பெருகுகிறது. விளிம்புவரை நிரப்பி மூடிய கண்ணாடி பாட்டில் ஃப்ரீஸரில் வெடிப்பது இதனால்தான்; பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடவே காலியாக விட வேண்டும். இதை "உறைந்தால் நீரின் எடை குறைகிறது" என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது செறிவைவிடப் பெரிய பிழை. ஒரு கிலோ நீர் உறைந்தாலும் ஒரு கிலோதான். எழுதும் முன் ஒரு தராசில் வைத்துப் பார்த்திருக்கலாம்.

அடர்த்தி என்று எழுதுகிறவர்களும் ஓரிடத்தில் சறுக்குகிறார்கள். கொழகொழப்பான எண்ணெயை "அடர்த்தியான எண்ணெய்" என்கிறார்கள். கொழகொழப்புக்குப் பெயர் பாகுத்தன்மை. விளக்கெண்ணெய் எவ்வளவு மெதுவாக ஒழுகுகிறது! ஆனாலும் லிட்டருக்குச் சுமார் 960 கிராம்தான். தண்ணீரில் ஊற்றினால் மேலேதான் நிற்கும்.