டெஸ்க்டாப்பில் டேட்டாபேஸ் சர்வர்: சர்வீஸா, கைமுறையா, டாக்கரா?

விண்டோஸில் பிஎச்பி பழகுபவர்கள் பெரும்பாலும் எக்ஸாம்ப் (வெப் சர்வர், டேட்டாபேஸ், பிஎச்பி சேர்ந்த தொகுப்பு) போடுகிறார்கள். கன்ட்ரோல் பேனலில் மைஎஸ்கியூஎல் வரிசையில் ஸ்டார்ட் அழுத்துவார்கள். வேலை முடிந்ததும் ஸ்டாப் அழுத்தாமலே கணினியை அணைத்துவிடுவார்கள். இப்படி ஓடும் சர்வர் (உண்மையில் அது மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபி) விண்டோஸுக்குச் சாதாரண புரோகிராம்தான். மாற்றங்களைக் குறித்துவைக்கும் லாக் கோப்பை எழுதி முடிக்கும் முன்பே அறுபடும். ஒருநாள் 'ஷட்டவுன் அன்எக்ஸ்பெக்டட்லி' என்று சிவப்பில் வந்து நிற்கும்.

அப்போது பதறி டேட்டா ஃபோல்டரில் உள்ள ஐபிடேட்டா1 (ibdata1) கோப்பை அழிக்காதீர்கள். சர்வர் கிளம்பிவிடும், இன்னோடிபி (வழக்கமான சேமிப்பு முறை) டேபிள்களின் பெயர் மட்டும் தெரியும், திறக்காது. செய்ய வேண்டியது இது: டேட்டா ஃபோல்டரின் பெயரை மாற்றி வையுங்கள். பக்கத்திலேயே உள்ள பேக்கப் ஃபோல்டரை நகலெடுத்து அதற்கு டேட்டா என்று பெயரிடுங்கள். பழையதிலிருந்து உங்கள் டேட்டாபேஸ் ஃபோல்டர்களையும் ஐபிடேட்டா1-ஐயும் மட்டும் அதில் போடுங்கள். பழையதில் மைஎஸ்கியூஎல் (mysql) என்ற பெயருள்ள ஃபோல்டரை நகலெடுக்க வேண்டாம். நீங்கள் உருவாக்கிய யூசர்கள் போய்விடுவார்கள், டேபிள்கள் பிழைக்கும்.

இந்த நிலை வராமலிருக்க, கன்ட்ரோல் பேனலை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, மைஎஸ்கியூஎல் வரிசையின் இடது ஓரக் கட்டத்தை அழுத்தி சர்வீஸாக (விண்டோஸே பின்னணியில் நிர்வகிக்கும் புரோகிராமாக) பதியுங்கள். பிறகு விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் அதன் ஸ்டார்ட்அப் டைப்பை மேனுவல் ஆக்குங்கள். தேவையான அன்று மட்டும் ஓடும். மறந்து கணினியை அணைத்தாலும் நின்றுகொள்ளும்படி விண்டோஸே சர்வருக்குச் சொல்லும். பெரும்பாலோருக்கு இதுவே போதும் என்பது எங்கள் கருத்து.

அடுத்தது போர்ட், அதாவது சர்வரை மற்ற புரோகிராம்கள் அணுகும் வாசல் எண். கமாண்ட் ப்ராம்ப்டில் நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ (netstat -ano) அடியுங்கள். 0.0.0.0:3306 என்றிருந்தால் ஒரே வைஃபையில் இருக்கும் எல்லோர் பக்கமும் சர்வர் காது கொடுக்கிறது. ஃபயர்வால் கேட்டபோது 'அலவ்' கொடுத்திருந்தால் தடுக்கவும் ஆளில்லை. முழு அதிகாரமுள்ள ரூட் யூசருக்கு ஆரம்பத்தில் பாஸ்வேர்டும் கிடையாது. மை.ஐஎன்ஐ (my.ini) கோப்பில் பைண்ட்-அட்ரஸ் (bind-address) 127.0.0.1 (உங்கள் கணினியை மட்டும் குறிக்கும் முகவரி) வரியின் முன்னுள்ள # குறியை எடுத்துவிட்டு, சர்வரை நிறுத்தித் தொடங்குங்கள்.

இரண்டு ப்ராஜெக்ட்டுக்கு இரண்டு பதிப்புகள் வேண்டுமென்றால், ஒவ்வொன்றையும் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டும் டாக்கர் நல்லது. போர்ட்டை 3306:3306 என்று மட்டும் கொடுத்தால் அதுவும் எல்லா முகவரிகளிலும் திறக்கும், 127.0.0.1:3307:3306 என்று எழுதுங்கள். எக்ஸாம்ப்போடு மோதலும் வராது. பெயரிட்ட வால்யூம் (கன்டெய்னருக்கு வெளியே தரவு தங்கும் இடம்) கட்டாயம். இல்லாவிட்டால் கன்டெய்னரை அழித்துப் புதிதாக உருவாக்கும்போது காலி டேட்டாபேஸ்தான் கிடைக்கும். 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் இன்னொன்றும் கவனியுங்கள்: டாக்கருக்கு அடியில் ஓடும் டபிள்யூஎஸ்எல்2 (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) வழக்கமாகப் பாதி ரேம் வரை எடுத்துக்கொள்ளும்.