‘பதிவு எண் என்ன?’ என்று கேளுங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்

இந்த வருட ஆரம்பத்தில் என் மனநல ஆலோசனை அறைக்கு ஒருவர் வந்தார். 38 வயது, பெருநிலப் பக்கம் பிறை என்ற ஊரில் வீடு, பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீசியன். (அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக மூன்று பேரின் கதையை ஒன்றாகக் குழைத்திருக்கிறேன். ‘இது நம்ம அண்ணன் மாதிரி இருக்கே’ என்று யாரும் தேட வேண்டாம்.) உட்கார்ந்ததும் ஒரு பிளாஸ்டிக் பையை என் மேசையில் கவிழ்த்தார். நான்கு ஈசிஜி தாள்கள், தனியார் கிளினிக் ரசீதுகள், பாதி காலியான கேஸ் மாத்திரை அட்டை, ஒன்பது மாத்திரை மட்டும் பிய்த்த செர்ட்ரலின் (மனப்பதற்றத்துக்கான மாத்திரை) அட்டை, அப்புறம் தங்க நிற ஓரம் போட்ட ஒரு ரசீது. ‘மைண்ட் ஹீலிங் பேக்கேஜ், 3 அமர்வு, 2,800 ரிங்கிட்.’

போன வாரம் அதே மாதிரி தங்க ஓர ரசீதோடு இன்னொருவர் வந்தார். அதனால்தான் இன்று ராத்திரி சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலாமவரின் கதை இதுதான். பினாங்குப் பாலத்தில், மோட்டார் சைக்கிளில், கடலுக்கு நடுவில் திடீரென்று நெஞ்சு படபடத்திருக்கிறது, கை மரத்திருக்கிறது, மூச்சு அடைத்திருக்கிறது. 13.5 கிலோமீட்டர் பாலம், இடது ஓரத்தில் பைக் பாதை, பின்னால் வரிசையாக ஹாரன். செத்துவிட்டோம் என்றே நினைத்திருக்கிறார். எமர்ஜென்சியில் ஈசிஜி சரியாக இருந்தது. மாமியார் ‘கேஸ்’ என்றார். அத்தை கயிறு கட்டக் கூட்டிப்போனார் (கோயிலோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை, கயிறு கட்டிக்கொண்டே என்னிடமும் வரலாம்). அதற்கப்புறம் அவர் பாலத்தையே விட்டுவிட்டார். தினமும் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி, பட்டர்வொர்த்தில் பைக்கோடு ஃபெரி ஏறி, வெல்ட் கீயில் இறங்கி, ஜெலுத்தோங் வழியாக வேலைக்கு. பத்து மாதம். அவருக்கு வந்தது பேனிக் அட்டாக், திடீரென்று தாக்கும் பயம். அது ஏன் வருகிறது என்று நான் இங்கே பாடம் நடத்தப் போவதில்லை, அது எங்கும் கிடைக்கும். எனக்குப் பொறுக்காதது அந்தப் பத்து மாதம்தான்.

நடுவில் ஒரு நல்ல காரியமும் செய்திருந்தார், கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசு சுகாதாரக் கிளினிக்குக்குப் போயிருந்தார். அங்கே டாக்டர் பொறுமையாகக் கேட்டு, மாத்திரை எழுதி, மனநலப் பிரிவுக்குக் கடிதமும் கொடுத்திருக்கிறார். ஒன்பது நாள் சாப்பிட்டுவிட்டு ‘ஒண்ணும் வேலை செய்யல’ என்று நிறுத்திவிட்டார். இந்த வகை மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து ஆறு வாரம் வரை ஆகும், முதல் வாரம் படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யலாம். இது சொல்லப்பட்டிருக்கும், பயத்தில் இருப்பவர் காதில் ஏறியிருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் டிக்டாக்கில் அந்த ஹீலர் வந்தார். ‘மாத்திரை உங்கள் சக்தியை அடைக்கிறது, நிறுத்திட்டது நல்லது’ என்றாராம். பிரச்சினை இவருடைய தாத்தாவிடமிருந்து வந்ததாம்! தாத்தா ரயில்வேயில் இருந்தவர், பாலத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

‘ஏன் நம்பினீங்க?’ என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, வாய் தவறிவிட்டது. அவர் சொன்னார்: ‘சுவர் முழுக்க சர்டிபிகேட் மாட்டியிருந்தாங்க டாக்டர்.’

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். முதலில், நான் டாக்டர் இல்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மாத்திரை எழுத மாட்டேன். பத்து முறை சொன்னேன், அவர் கடைசிவரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார். இரண்டாவது, சான்றிதழ் வேறு, பதிவு வேறு. திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் படித்தவர்கள், வங்கியில் வேலை செய்கிறவர்கள், ஆசிரியர்கள் எல்லாரும் இதில்தான் வழுக்குகிறார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள் ஹோட்டலில் உட்கார்ந்து கேட்டாலும் சான்றிதழ் கிடைக்கும். சட்டகம் போட்டு மாட்டலாம், பின்னால் விளக்கும் வைக்கலாம். பதிவு என்பது அப்படி இல்லை. இன்ன படிப்பு படித்தார், இத்தனை காலம் மேற்பார்வையில் பயிற்சி செய்தார், தவறு செய்தால் இன்ன இடத்தில் புகார் கொடுக்கலாம் என்று அவருக்குப் பின்னால் ஒரு அமைப்பு நிற்பதுதான் பதிவு. ‘தெரபிஸ்ட்’ என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். கால் பிடித்துவிடும் ஸ்பாவிலும் தெரபிஸ்ட்தான் வேலை செய்கிறார், அவரிடமாவது கால்வலி குறையும். ‘கோச்’, ‘ஹீலர்’, ‘மைண்ட் டிரெய்னர்’ எல்லாமும் அப்படித்தான்.

நம் மலேசியாவில் பார்க்க வேண்டியது மூன்று பேரை. சைக்காட்ரிஸ்ட் மருத்துவர், மருத்துவ மன்றத்தில் பதிந்தவர், மாத்திரை எழுதுவார், நிபுணர் பட்டியலிலும் பெயர் இருக்கும். கவுன்சலர் 1998-ஆம் ஆண்டு கவுன்சலர் சட்டத்தின் கீழ் லெம்பாகா கவுன்சலரில் (கவுன்சலர் வாரியத்தில்) பதிந்திருக்க வேண்டும், பெயருக்குப் பின்னால் கே.பி. (பதிவு பெற்ற கவுன்சலர்), பி.ஏ. என்று போடுவார்கள். (தயவுசெய்து அதைக் கல்லூரி பி.ஏ. என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு அம்மா என்னிடம் ‘வெறும் பி.ஏ. தானே, என் பொண்ணே எம்.ஏ.’ என்றார். அது ‘பெராக்குவான் அமாலான்’, அதாவது தொழில் நடத்துவதற்கான சான்று. அதற்குக் காலாவதியும் உண்டு, தேதியைப் பாருங்கள்.) கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் 2016-ஆம் ஆண்டு துணைச் சுகாதாரத் தொழில் சட்டத்தின் கீழ், அதாவது அக்தா (சட்டம்) 774-இன் கீழ் வருகிறவர், குறைந்தது அந்தத் துறையில் முதுகலை படித்திருப்பார். இந்த மூன்றில் எதுவும் இல்லாதவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், உங்கள் மனப்பதற்றத்தை அவரிடம் ஒப்படைக்காதீர்கள்.

நான் சொன்னால் தொழில் போட்டி என்பீர்கள். சரி, வருமான வரி வாரியத்தைக் கேளுங்கள். மனநல ஆலோசனைக்கு 1,000 ரிங்கிட் வரை வரிக்கழிவு தருகிறார்கள், மேலே சொன்ன மூன்று வகையினரின் ரசீதுக்குத்தான். தங்க ஓர ரசீதை அங்கே கொடுத்துப் பாருங்களேன்.

போன் பண்ணும்போதே கேளுங்கள், உங்கள் பதிவு எண் என்ன, எந்த மன்றம். கேட்டதும் பெயரோடு எண்ணைச் சொல்பவர் தொழில்காரர். ‘என்னை நம்பலையா?’ என்று குரலை உயர்த்தினால் போனை வைத்துவிடுங்கள், அதற்கு மேல் மரியாதை தேவையில்லை. அதேபோல் மூன்று அமர்வில் நிச்சயம் குணம் என்பவர், முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்குபவர், வேறு டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், தன்னிடம் வந்தவர் அழுவதை வீடியோ எடுத்துப் போடுபவர், இவர்கள் யாரிடமும் போகாதீர்கள். அழுகிற ஒருவரை எப்படிப் படம் எடுக்கத் தோன்றுகிறது என்று எனக்குப் புரியவே இல்லை.

காசு விஷயம். தனியாரில் ஒரு மணி நேரத்துக்கு 150-லிருந்து 300 ரிங்கிட், சில இடங்களில் அதற்கு மேலும். எல்லாராலும் முடியாது, தெரியும். அதனால்தான் கிளினிக் கெசிஹாத்தானில் தொடங்குங்கள் என்கிறேன், ஒரு ரிங்கிட்தான். தைராய்டு, ரத்தசோகை இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம், ஏனென்றால் அவையும் படபடக்க வைக்கும். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனால் ஐந்து ரிங்கிட்தான். காத்திருக்க வேண்டும், சில நேரம் மாதக்கணக்கில். அந்த வரிசையில் பெயரைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள், போடாமல் காத்திருக்காதீர்கள். சுகாதார அமைச்சின் மெந்தாரி என்ற சமூக மனநல மையங்கள் இருக்கின்றன. முதுகலை மாணவர்கள் மேற்பார்வையில் பார்க்கும் பல்கலைக்கழகக் கிளினிக்குகளில் கட்டணம் குறைவு. மாணவர் என்று முகம் சுளிக்க வேண்டாம், அவர் உங்களைப் பற்றி வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருப்பார்.

‘தமிழ் பேசுவாங்களா?’ நிறைய பேர் கேட்கும் ஒரே கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. ‘நெஞ்சுக்குள்ள யாரோ பிசையிற மாதிரி’ என்பதை மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்லிப் பாருங்கள், பாதி வழியிலேயே நின்றுபோகும். தமிழ் பேசுபவர் கிடைத்தால் நல்லது, ஆனால் தமிழ் பேசுவது மட்டும் தகுதி ஆகாது. பக்கத்திலேயே இன்னொரு கூட்டம், ‘நம்ம ஆளு மட்டும் வேண்டாம் மேடம், வெளிய தெரிஞ்சிடும்’ என்பார்கள். பதிவு பெற்றவர் உங்கள் பேச்சை வெளியே சொல்லக் கூடாது. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு, அதை முதல் நாளே சொல்லிவிடுவோம். கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தால் தெரியாத மாதிரிப் போங்கள், நானும் அப்படியே போவேன், தப்பாக நினைக்க மாட்டேன். இன்னொன்று, மொழிபெயர்க்க மகளைக் கூட்டிவராதீர்கள். அவளைப் பற்றிய கவலையை அவள் வாயாலேயே எப்படிச் சொல்லவைப்பீர்கள்?

முதல் அமர்வில் நாங்கள் கேள்விதான் கேட்போம். அறிவுரை எதிர்பார்த்து வருபவர்கள் ‘ஒண்ணுமே சொல்லலையே’ என்று வீட்டில் போய்ச் சொல்கிறார்கள். அறிவுரை உங்கள் பெரியப்பாவிடமே இலவசமாகக் கிடைக்கும். நான்கைந்து முறை வந்து பாருங்கள். அதற்கப்புறமும் ஒட்டவில்லை என்றால் நேரடியாகச் சொல்லிவிட்டு வேறு ஆளிடம் போங்கள், நாங்களே பெயர் தருவோம். போனில் மனச்சோர்வு, பதற்றம், அழுத்தம் பார்க்கும் அந்த 21 கேள்விச் சோதனையை (டாஸ்-21) செய்துவிட்டு ‘எக்ஸ்ட்ரீம்லி சிவியர்னு வந்திருக்கு’ என்று அலறிக்கொண்டு வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது போன ஒரு வாரத்தைப் பற்றிய கேள்விகள். வடிகட்டி மாதிரி, நோயின் பெயரைச் சொல்லாது. ஆனால் அதைப் பார்த்தாவது வந்தீர்களே, சந்தோஷம்.

‘தஞ்சோங் ரம்புத்தான்’ (மனநல மருத்துவமனை இருக்கும் ஊர்) கிண்டலை வீட்டில் இன்னும் யாராவது அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும், நீங்கள் கிளினிக்குக்குப் போங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். செத்துப்போகலாமா என்ற எண்ணம் வந்துவிட்டால் பதிவு எண் தேடிக்கொண்டிருக்காதீர்கள், அப்பாயின்ட்மென்டுக்கும் காத்திருக்காதீர்கள். பக்கத்து எமர்ஜென்சிக்குப் போங்கள், யாரையாவது கூடக் கூட்டிக்கொண்டு போங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். போலீஸ் பிடிக்குமோ என்ற பயம் வேண்டாம், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவை 2023-இல் நாடாளுமன்றமே நீக்கிவிட்டது.

பாலத்துக்காரர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். கிளினிக் டாக்டரிடம் திருப்பி அனுப்பி மாத்திரையை முறையாகத் தொடங்கினோம். என் அறை கடைவீட்டின் இரண்டாவது மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. மூன்றாவது வாரம் அவரைப் படியில் வேகமாக ஏறி இறங்கச் சொன்னேன், நான்கு முறை. முகம் வெளுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ‘வந்துருச்சு டாக்டர், அதேதான்’ என்றார். உட்காரவும் விடவில்லை, தண்ணீரும் கொடுக்கவில்லை. இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆறாவது நிமிடம் நாடி தானாகவே இறங்கியது. ‘நான் ஒண்ணுமே செய்யலையே’ என்றார். அதைத்தான் பத்து மாதமாக யாரும் அவருக்குக் காட்டவில்லை. அப்புறம் ஞாயிறு காலை மச்சான் காரில் பாலம், பிறகு மச்சான் பைக்குக்குப் பின்னால், பிறகு தனியாக. நடுவில் ஒருமுறை மறுபடி வந்தது, பைக்கை நிறுத்தாமல் ஓட்டி முடித்தார்.

இப்போது தினமும் பாலத்தில்தான் போகிறார். வெள்ளிக்கிழமை மட்டும் ஃபெரி. இது இன்னும் பயந்து ஒதுங்குவதா என்று நான் விடாமல் குடைந்தேன். ‘இல்ல டாக்டர், ஃபெரி ஜெட்டி பக்கத்துல ரொட்டிச்சானாய் நல்லா இருக்கும்’ என்றார்.