பல்லை எடுப்பது பிள்ளையா, புளிப்பா?

ஆடிப்பெருக்கன்று காவிரிக்கு மசக்கை என்று புளிசாதமும் எலுமிச்சை சாதமும் கட்டிக்கொண்டு படித்துறைக்குப் போகிற ஊர்கள் நம்முடையவை. திருவையாற்று வாசகி ஒருவர் கேட்கிறார்: ‘ஒரு பிள்ளை பெற்றால் தாய்க்கு ஒரு பல் போகும் என்கிறார் மாமியார். வயிற்றுப் பிள்ளை பல்லிலிருந்து கால்சியத்தை உறிஞ்சுமா?’

உறிஞ்சாது. பல்லின் கெட்டியான மேல்பூச்சான எனாமலில் ரத்தக் குழாயே கிடையாது. அங்குள்ள கால்சியம் ரத்தத்துக்குத் திரும்ப வழியில்லை. பிறக்கும் குழந்தையின் உடம்பில் சுமார் 30 கிராம் கால்சியம் இருக்கும். அதற்காகத் தாயின் குடல் ஏறக்குறைய இரு மடங்கு உறிஞ்சிக்கொள்கிறது. சாப்பாட்டில் போதாவிட்டால் எலும்பில் கைவைக்கும், பல்லில் அல்ல.

ஆனாலும் மாமியார் கண்ணால் கண்டது பொய்யில்லை. பல் போகத்தான் செய்கிறது. பழிதான் ஆள் மாறிவிட்டது.

முதல் ஆள் வாந்தி. இரைப்பை அமிலத்தின் பி.எச். (அமில அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 1 முதல் 2 வரை. எனாமலோ, வாயில் பி.எச். 5.5-க்குக் கீழே போனாலே கரையும். கால்சியம், பாஸ்பேட், ஹைட்ராக்சில் மூன்றும் அடுக்கிய படிகம் அது. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் உமிழ்நீரிலுள்ள பாஸ்பேட்டையும் ஹைட்ராக்சிலையும் பிடித்துக்கொள்கின்றன. குறைந்ததை ஈடுகட்டப் படிகம் தன்னையே கரைத்துக் கொடுக்கிறது. இதில் அழகு, பாதை இருபக்கமும் திறந்திருப்பதுதான். அமிலம் தணிந்ததும் உமிழ்நீர் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கொண்டுவந்து, இளகிய இடத்தில் ஓரளவு திரும்பப் பூசுகிறது. கூடவே ஃப்ளோரைடு இருந்தால் புதிதாகப் படிவது பி.எச். 4.5 வரை தாங்கும்.

நாம் இந்தப் பூச்சு வேலைக்கு நேரமே கொடுப்பதில்லை. வாந்தி எடுத்த கையோடு பிரஷ்! ஊறிக் கிடக்கும் வரப்பில் கால் வைத்தால் மண் காலோடு வருமே, அப்படி இளகிய எனாமல் பிரஷோடு வந்துவிடும். முதலில் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்பசோடா கரைத்துக் கொப்பளித்துத் துப்புங்கள். ஒரு மணி நேரம் கழித்து, மென்மையான பிரஷும் ஃப்ளோரைடு பேஸ்ட்டும் போதும். உமிக்கரியும் செங்கல்பொடியும் வேண்டவே வேண்டாம். அரிப்பு பெரும்பாலும் மேல் முன்பற்களின் உட்புறத்தில் இருக்கும் என்பதால் கண்ணாடியில் தெரியாது.

மாங்காய்க்குத் தடையில்லை. ஆனால் ஒரு கீற்றை நாள் முழுக்கக் கடித்துக்கொண்டிருந்தால் உமிழ்நீருக்கு மூச்சு விட நேரமிருக்காது. சாப்பாட்டோடு சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

இரண்டாவது ஆள் ஈறு. ஹார்மோன் ஏற்றத்தில் கொஞ்சம் அழுக்குப் படிந்தாலே வீங்கி ரத்தம் கசியும். பயந்து அந்த இடத்தைத் தேய்க்காமல் விட்டால் இன்னும் மோசமாகும்.

மூன்றாவது, ‘மாசமா இருக்கிறவ பல்லுல கை வைக்கக்கூடாது’ என்ற அதட்டல். என் கணக்கில் இதுதான் அதிகம் பல்லைத் தின்கிறது. நான்கு முதல் ஆறாம் மாதம் வரை சிகிச்சைக்கு வசதியான காலம்; சீழ், வீக்கம் என்றால் எந்த மாதமும் காத்திருக்கக் கூடாது. மரத்துப்போக லிக்னோகைன் ஊசி போடலாம், தேவையானால் எக்ஸ்ரேயும் எடுக்கலாம். தவிர்க்க வேண்டியவை டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து; 20 வாரத்துக்குப் பிறகு இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் ஆகிய வலி மருந்துகள். கடைசி மாதங்களில் நாற்காலியில் மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய ரத்தநாளத்தை அழுத்தித் தலை சுற்றும். வலது இடுப்புக்கடியில் ஒரு சின்னத் தலையணை கேட்டு வாங்கி, இடப்பக்கம் சற்றுச் சாய்ந்துகொள்ளுங்கள்.